நகரத் திட்டமிடலில் தனி ஊர்திகளும் பொதுப் போக்குவரத்தும்

நகரத் திட்டமிடலில் தனி ஊர்திகளும் பொதுப் போக்குவரத்தும் என்பது, ஒரு நகரத்தின் சாலை, நிலம், பொதுப்பணம் ஆகியவற்றில் மகிழுந்து, ஈருருளி போன்ற தனியார் ஊர்திகளுக்கு எவ்வளவு, பேருந்து, தொடர்வண்டி போன்ற பொதுப் போக்குவரத்துக்கு எவ்வளவு எனப் பங்கிடுவது தொடர்பான சிக்கல் ஆகும். இருபதாம் நூற்றாண்டில் மகிழுந்து பரவிய நாடுகளில் இச்சிக்கல் முதலில் எழுந்தது. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் சென்னையை வைத்தே பேசப்படுகிறது. ஆயினும் கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் போன்ற நெடுஞ்சாலையோர ஊர்களிலும் இதே சிக்கல் வேறு வடிவில் காணப்படுகிறது. இக்கட்டுரை தமிழ்நாட்டு நிலையை முதன்மையாகக் கொண்டு, தேவையான இடங்களில் பிற நாட்டு அனுபவங்களையும் தருகிறது.

இடக் கணக்கு

சாலையில் ஊர்திகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுவது ஒரு முறை. அவற்றில் செல்லும் மக்களின் எண்ணிக்கையைக் கணக்கிடுவது மற்றொரு முறை. இரண்டும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. எடுத்துக்காட்டாக, 50 பேர் செல்லும் ஒரு பேருந்து ஏறத்தாழ 12 மீட்டர் நீளம் உடையது. அதே 50 பேர் மகிழுந்துக்கு இருவராகச் சென்றால் 25 மகிழுந்துகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடைவெளியோடு சேர்த்து 6 மீட்டர் எனக் கொண்டால், சாலையில் 150 மீட்டர் நீள வரிசை தேவைப்படும். ஊர்திகள் வேகமாக ஓடும்போது இடைவெளி கூடுவதால் இவ்வரிசை மேலும் நீளும்.

ஓடாமல் நிற்கும் நேரத்திலும் மகிழுந்துக்கு இடம் வேண்டும் என்பது பலரும் கவனிக்காத செய்தி. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓட்டப்படும் மகிழுந்து மீதி 23 மணி நேரமும் எங்கேனும் நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 12 சதுர மீட்டர் இடமும், உள்ளே வந்து வெளியேறுவதற்கான வழியும் வேண்டும். வீட்டில் ஓர் இடம், அலுவலகத்தில் ஓர் இடம், கடைத்தெருவில் ஓர் இடம் என ஒரே ஊர்திக்குப் பல இடங்களை நகரம் ஒதுக்க நேர்கிறது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், கட்டடங்களில் ஊர்தி நிறுத்த விடவேண்டிய குறைந்த அளவு இடத்தை வரையறுக்கின்றன. இவ்விடத்திற்கான செலவு கட்டட விலையிலும் வாடகையிலும் சேர்ந்துவிடுவதால், ஊர்தி இல்லாதவர்களும் அதில் ஒரு பகுதியைச் செலுத்துகின்றனர்.

மேலைநாட்டு நூல்களில் இவ்விவாதம் மகிழுந்தைப் பற்றியது. இந்தியாவில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் 4.7 விழுக்காட்டினரிடமே மகிழுந்து இருந்தது. ஈருருளி 21 விழுக்காட்டினரிடமும், மிதிவண்டி 44.8 விழுக்காட்டினரிடமும் இருந்தன. 2019–21இல் நடத்தப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வில் மகிழுந்து உடைய குடும்பங்கள் 7.5 விழுக்காடாயின, ஈருருளி உடையவை ஏறத்தாழப் பாதியாயின. ஆகவே பேருந்திலிருந்து விலகுவோர் நம் ஊர்களில் பெரும்பாலும் ஈருருளிக்கே செல்கின்றனர். சாலையை நிறைப்பது மகிழுந்தாயினும், பேருந்தின் வருவாயைக் குறைப்பது ஈருருளியே எனக் கூறலாம்.

தூண்டப்பட்ட தேவை

நெரிசலுக்குத் தீர்வாகச் சாலையை அகலப்படுத்துவது எளிய வழியாகத் தோன்றுகிறது. ஆனால் அகலப்படுத்திய சாலை சில ஆண்டுகளில் மீண்டும் நிறைந்துவிடுவது பல நாடுகளில் கண்ட உண்மை. அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோனி டவுன்சு 1962இல் இதனை விளக்கினார். சாலை விரைவாக இருக்கும்போது முன்பு வேறு வழியில் சென்றவரும், வேறு நேரத்தில் சென்றவரும், பேருந்தில் சென்றவரும் அச்சாலைக்கு வந்து சேர்கின்றனர். முன்பு பயணமே செய்யாதவரும் புறப்படுகின்றனர். நெரிசல் பழைய அளவை எட்டும்வரை இது தொடர்கிறது. இதனைத் தூண்டப்பட்ட தேவை என்பர்.

இதன் மறுபக்கமும் உண்டு. பேருந்துப் பயணிகள் குறைந்தால் வருவாய் குறைகிறது. வருவாய் குறைந்தால் நடைகள் குறைக்கப்படுகின்றன. நடை குறைந்தால் காத்திருக்கும் நேரம் கூடி, இருக்கும் பயணிகளும் விலகுகின்றனர். இச்சுழலில் ஒருமுறை சிக்கிய வழித்தடத்தை மீட்பது கடினம்.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் 1963இல் வெளிவந்த புக்கானன் அறிக்கை, நகரங்கள் மகிழுந்துக்கு முழுமையாக இடமளிக்க வேண்டுமானால் அவற்றைப் பெரும்பாலும் இடித்துக் கட்ட வேண்டியிருக்கும் என்பதை விரிவாகக் காட்டியது. ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் தொராண்டோ நகரில், சுபதைனா விரைவுச்சாலை நகரின் நடுவே கட்டப்பட இருந்தது. குடியிருப்போரின் எதிர்ப்பை அடுத்து 1971இல் ஒன்ராறியோ அரசு அதைக் கைவிட்டது. நியூயார்க்கில் இத்தகைய சாலைகளை எதிர்த்துப் புகழ்பெற்ற சேன் சேக்கபசு அப்போது தொராண்டோவில் குடியேறி, அப்போராட்டத்தில் பங்கேற்றார். அவ்வழியில் 1978இல் சுரங்கத் தொடர்வண்டிப் பாதையின் ஒரு கிளை திறக்கப்பட்டது.

மகிழுந்தைக் கட்டுப்படுத்துவதில் மிகக் கடுமையான முறையைக் கையாண்ட நாடு சிங்கப்பூர் ஆகும். அங்கு 1975இல் நகர மையத்திற்குள் நுழையக் கட்டணம் விதிக்கப்பட்டது. 1990 முதல் புதிய ஊர்தி வாங்குவோர் ஏலத்தில் உரிமச் சான்று பெறவேண்டும். 1998இல் மின்னணுச் சாலைக் கட்டணம் வந்தது. 2018 பிப்ரவரி முதல் மகிழுந்துகளின் எண்ணிக்கை வளர்ச்சி விகிதம் சுழியமாக வைக்கப்பட்டது. ஆனால் இவற்றோடு சேர்த்தே அந்நாடு தொடர்வண்டியையும் பேருந்தையும் விரிவாக்கியது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். கட்டுப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மாற்று ஏற்பாட்டை விட்டுவிட்டால் அது தண்டனையாகவே முடியும்.

பேருந்துக்குத் தனிப்பாதை ஒதுக்கும் முறை பிரேசிலின் குரிடிபாவில் 1974இலும், கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000இலும் தொடங்கியது. இந்தியாவில் அகமதாபாத் நகரின் தனிப்பாதை 2009இல் தொடங்கியது. தில்லியில் 2008இல் திறக்கப்பட்ட தனிப்பாதைக்கு மகிழுந்தில் செல்வோரிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. அது 2016இல் அகற்றப்பட்டது. சாலை நடுவே பாதை அமைத்ததும், சந்திப்புகளில் சைகை விளக்குகள் சரிவர இயங்காததும் குறைகளாகக் கூறப்பட்டன. எனினும் அப்பாதையில் பேருந்துகள் முன்பைவிட விரைவாகச் சென்றன.

சென்னை

இந்தியாவின் முதல் மின்சார டிராம் வண்டி 1895 மே 7இல் சென்னையில் ஓடியது. கல்கத்தாவில் மின்சார டிராம் வருவதற்கு ஏழு ஆண்டுகள் முந்தியது இது. டிராம் நிறுவனம் நட்டத்தில் வீழ்ந்ததால் 1953 ஏப்ரலில் சேவை நின்றுவிட்டது. கடற்கரை–தாம்பரம் இடையே மின்சாரத் தொடர்வண்டி 1931இல் தொடங்கியது. குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற தென்புறநகர்கள் இப்பாதையை ஒட்டி வளர்ந்தன. நகரம் தொடர்வண்டியைப் பின்பற்றி வளர்ந்த காலம் அது. பிற்கால வளர்ச்சி பெரும்பாலும் சாலையைப் பின்பற்றியது.

1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. பின்னர் அது மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. ஓராண்டு கழித்து, 1973இல், நகரின் முதல் மேம்பாலமான அண்ணா மேம்பாலம் அண்ணா சாலையில் திறக்கப்பட்டது. 1990களின் இறுதியில் மாநகராட்சி மேலும் ஒன்பது மேம்பாலங்களைக் கட்டியது. 2008இல் கத்திப்பாரா மேம்பாலம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு மேம்பாலமும் அந்தச் சந்திப்பில் காத்திருப்பைக் குறைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாலத்தின் கீழே நடந்து சாலையைக் கடப்பவருக்கும், பாலத்தின் இரு முனைகளுக்கும் அப்பால் தள்ளிவைக்கப்பட்ட நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கும் கிடைத்த பயன் சிறிதே.

பொதுப் போக்குவரத்து என்பதாலேயே ஒரு திட்டம் நன்றாக அமைந்துவிடாது என்பதற்குச் சென்னைப் பறக்கும் தொடர்வண்டி சான்று. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இலும், திருமயிலை வரை 1997இலும், வேளச்சேரி வரை 2007இலும் இது திறக்கப்பட்டது. பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயின் மேல், கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டுக் கட்டப்பட்டது. நிலம் எடுக்கும் தொல்லை இதனால் குறைந்தது, நீரோட்டம் தடைப்பட்டது. நிலையங்கள் மிகப் பெரியவை. பல தளங்கள் நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தன. நிலையத்திற்கும் அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்திற்கும் இணைப்பு இல்லை. எதிர்பார்த்த பயணிகள் வரவில்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் ஐந்து கி.மீ. நீட்டிப்பு 2008இல் தொடங்கப்பட்டு, நில எடுப்பு வழக்குகளால் பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுபட்டது. அந்த ஐந்து கி.மீ. இருந்திருந்தால் புறநகர்ப் பாதையும் மெட்ரோவும் பறக்கும் தொடர்வண்டியும் ஒரே இடத்தில் சந்தித்திருக்கும்.

சென்னை மெட்ரோ 2015 சூன் 29இல் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே தொடங்கியது. முதற்கட்டம் 2019 பிப்ரவரியில் நிறைவுற்று, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. மொத்த நீளம் ஏறத்தாழ 54 கி.மீ. ஆயிற்று. அதே மாதத்தில் உச்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 118.9 கி.மீ. நீளமுள்ள இரண்டாம் கட்டத்திற்கு, 63,246 கோடி ரூபாய் மதிப்பில், 2024 அக்டோபரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

பேருந்து, புறநகர்த் தொடர்வண்டி, மெட்ரோ ஆகியவை வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருந்ததால் அட்டவணையும் கட்டணமும் தனித்தனியே அமைந்தன. இவற்றை ஒருங்கிணைக்கச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்திற்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. அதன் முதல் கூட்டம் 2022 நவம்பரில்தான் நடைபெற்றது. மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு பெறும் கைப்பேசிச் செயலி 2025 செப்டம்பரில் வெளிவந்தது. ஒரு சட்டம் முதற்கூட்டத்தை எட்டப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனதைக் காணும்போது, இத்துறையில் பற்றாக்குறை பணத்தில் மட்டும் இல்லை என்பது விளங்கும்.

நடப்போருக்கான முயற்சிகளும் உண்டு. 2014இல் சென்னை மாநகராட்சி இயந்திரமற்ற போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் இதுவே முதலாவது. 2019 நவம்பரில் தியாகராய நகர்ப் பாண்டி பசாரில் நடைபாதை அகலமாக்கப்பட்டு, ஊர்திகளுக்கான இடம் குறைக்கப்பட்டது.

தியாகதுருகம்–கள்ளக்குறிச்சி வழித்தடம்

தியாகதுருகம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள பேரூராட்சி ஆகும். மலைக்கோட்டையின் அடியில் அமைந்த இவ்வூர் வழியாக உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நெடுஞ்சாலை செல்கிறது. இங்கிருந்து ரிசிவந்தியம், மணலூர்ப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலை பிரிகிறது. இவ்வூருக்குத் தொடர்வண்டி நிலையம் இல்லை. விழுப்புரம்–விருத்தாசலம் பாதையிலுள்ள உளுந்தூர்ப்பேட்டையும், சேலம்–விருத்தாசலம் பாதையிலுள்ள சின்னசேலமும் அண்மையில் உள்ள நிலையங்கள். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஏறத்தாழ 16 கி.மீ. புதிய இருப்புப்பாதை அமைக்க 2006–07இல் ஒப்புதல் கிடைத்தது. பதினாறு கி.மீ. பாதை பத்தாண்டுகளுக்கும் மேலாக முடியாமல் நீண்டது. எனவே இப்பகுதியில் பொதுப் போக்குவரத்து என்றால் பேருந்து ஒன்றே. 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமும், பின்னர் அதன் வழிவந்த தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டமும், தனியார் பேருந்துகளும் அத்தேவையை நிறைவேற்றி வருகின்றன.

ஏறத்தாழ 136 கி.மீ. நீளமுள்ள உளுந்தூர்ப்பேட்டை–சேலம் சாலை, தனியார் முதலீட்டில் 2010களின் தொடக்கத்தில் சுங்கச்சாவடிகளுடன் நான்கு வழிச்சாலையாக்கப்பட்டது. ஊர்களைச் சுற்றிப் புறவழிகள் அமைந்தன. உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் முதலிய ஊர்களின் புறவழிகள் இருவழிப் பாதைகளாகவே விடப்பட்டன. நான்கு வழியில் விரைந்து வரும் ஊர்தி எதிரெதிரே ஓடும் ஒற்றைப் பாதைக்குள் திடீரென நுழைவதால், அப்பகுதிகளில் நேருக்குநேர் மோதல்கள் மிகுந்தன. பின்னர் இவற்றையும் நான்கு வழியாக்கும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது.

புறவழியால் ஊர்க் கடைத்தெருவில் சரக்குந்துகளின் நெருக்கடி குறைகிறது. மகிழுந்தில் சேலம் செல்பவருக்கு நேரம் மிச்சமாகிறது. பேருந்துப் பயணியின் கணக்கு வேறு. தொலைதூரப் பேருந்துகள் நேரத்தைச் சேமிக்கப் புறவழியிலேயே சென்றுவிடுவதும், ஊருக்குள் வராமல் பிரிவுச் சாலையில் பயணிகளை இறக்கிவிடுவதும் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் பலவற்றில் உள்ள குறை. இரவு இரண்டு மணிக்கு மூட்டையுடனும் குழந்தையுடனும் விளக்கில்லாத பிரிவில் இறங்குபவர் ஊர்ப் பேருந்து நிலையம்வரை நடக்கவேண்டும். அல்லது வீட்டிலிருந்து யாரேனும் ஈருருளியில் வரவேண்டும். ஈருருளி வாங்குவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்றாகிறது.

2019 நவம்பர் 26இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அதுவரை ஆட்சியர் அலுவலகத்திற்கு விழுப்புரம் வரை சென்றுவந்த தியாகதுருகம், சின்னசேலம், கல்வராயன் மலைப் பகுதி மக்களுக்குப் பயணத் தொலைவு பெரிதும் குறைந்தது. பேருந்துகளைக் கூட்டாமலே பயணச் சுமையைக் குறைக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. அலுவலகம் மக்களுக்கு அருகில் வந்தால் பயணமே குறைகிறது. அதே சமயம், புதிய ஆட்சியர் வளாகத்திற்குக் கள்ளக்குறிச்சி நகருக்கு வெளியே வீரசோழபுரத்தில் அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு உரிய நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இது குறித்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. வழக்கு கோயில் நிலத்தின் உரிமையையும் விலையையும் பற்றியது. மனு கொடுக்க வரும் முதியவர் நகரப் பேருந்து நிலையத்தில் இறங்கியபின் அங்கு எவ்வாறு செல்வார் என்பது வழக்கின் பொருள் அன்று. ஆயினும் நகரத் திட்டமிடல் நோக்கில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே. தமிழ்நாட்டில் ஆட்சியரகம், நீதிமன்றம், மருத்துவக் கல்லூரி ஆகியவற்றைப் புறநகரின் மலிவான நிலத்தில் அமைப்பது வழக்கமாகிவிட்டது. நிலத்தில் மிச்சமாகும் தொகையை வருபவர்கள் ஆட்டோக் கட்டணமாகச் செலுத்துகின்றனர்.

சென்னையின் எல்லையிலும் இவ்வழித்தடப் பயணிகளுக்கு ஒரு மாற்றம் ஏற்பட்டது. 2002 முதல் கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட தென்மாவட்டப் பேருந்துகள், 2023 திசம்பர் 30இல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திற்கு 2024 சனவரியில் மாற்றப்பட்டன. உளுந்தூர்ப்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி செல்லும் பேருந்துகளும் இவற்றில் அடங்கும். 88.52 ஏக்கரில் ஏறத்தாழ 394 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்ட இம்முனையம், நகருக்குள் வெளியூர்ப் பேருந்துகளின் நெரிசலைக் குறைக்கும் நோக்கம் கொண்டது. நோக்கம் சரியானதே. ஆனால் திறக்கப்பட்ட நாளில் அங்குத் தொடர்வண்டி நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. விமான நிலையத்திலிருந்து அங்கு வரை 15.46 கி.மீ. மெட்ரோ நீட்டிப்பு திட்ட அளவில் இருந்தது. வடசென்னையில் வேலை செய்யும் ஒருவர் பொங்கலுக்குத் தியாகதுருகம் வர, முதலில் நகரைக் குறுக்கே கடந்து கிளாம்பாக்கம் சேரவேண்டும். மகிழுந்து உடையவருக்கு இம்மாற்றத்தால் சாலை காலியாயிற்று; பேருந்தை நம்பியவருக்குப் பயணம் ஒரு மாறுதல் கூடுதலாயிற்று.

கல்வராயன் மலையில் நிலை இன்னும் வேறு. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போன்ற ஊர்களுக்குப் பேருந்துகள் செல்கின்றன. உட்கிடை ஊர்களுக்கு அங்கிருந்து நடையோ ஈருருளியோதான். இத்தகைய ஊர்களுக்கென 1997இல் தமிழ்நாடு அரசு தனியார் சிற்றுந்துத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பேருந்தில்லாத வழியில் 16 கி.மீ., பேருந்துள்ள வழியில் 4 கி.மீ. என்பது அதன் அளவு. நகரப் பேருந்து நிலையத்தைச் சென்றடைய அந்த 4 கி.மீ. பல இடங்களில் போதவில்லை. நட்டத்தால் பல சிற்றுந்துகள் நின்றுபோயின. 2025இல் தொடங்கிய புதிய திட்டத்தில் வழித்தட நீளம் 25 கி.மீ. வரை உயர்த்தப்பட்டது.

கட்டணம்

2018 சனவரியில் தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் உயர்த்தப்பட்டபோது மாணவர்கள் பல ஊர்களில் போராடினர். சில நாள்களில் கட்டணம் சிறிதளவு குறைக்கப்பட்டது. அவ்வுயர்வுக்குப் பின் பயணிகளில் ஒரு பகுதியினர் ஈருருளிக்கும் பங்கு ஆட்டோவுக்கும் மாறினர்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் இதற்கு விடியல் பயணத் திட்டம் எனப் பெயரிடப்பட்டது. பயனடைந்த பெண்கள் மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாய் சேமிப்பதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறியது. தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக் கடைகளுக்கு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இது கூலியில் ஒரு பங்கு. வீட்டில் உள்ள ஒரே ஈருருளி பெரும்பாலும் ஆண்களின் கையில் இருப்பதால், பேருந்து நடை ஒன்று குறைந்தால் அதன் பாதிப்பு பெண்களையே முதலில் அடைகிறது. சலுகை நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே என்பதால், வெளியூர்ப் பேருந்து மட்டும் நிற்கும் ஊர்களில் இதன் பயன் குறைவு. எஸ்தோனியாவின் தாலின் நகரம் 2013இல் நகரில் பதிவுபெற்ற குடியிருப்போருக்கும், லக்சம்பர்க் நாடு 2020இல் அனைவருக்கும் கட்டணமில்லாப் பயணத்தை வழங்கின. அங்கு மகிழுந்துப் பயன்பாடு எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

மாற்றுக் கருத்துகள்

தனி ஊர்திகளை ஆதரிப்போரின் வாதங்களில் உண்மை இல்லாமல் இல்லை. நள்ளிரவில் மருத்துவமனைக்குச் செல்வதற்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், காய்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் உழவருக்கும் பேருந்து ஈடாகாது. மக்கள் சிதறி வாழும் ஊர்களில் பேருந்தை நிறைக்கப் பயணிகள் போதார். ஊர்தி வாங்குவது தனிமனித உரிமை என்றும், வரி செலுத்துவோருக்குச் சாலை வேண்டும் என்றும் அவர்கள் கூறுவர். பெட்ரோல் வரியால் அரசுக்குப் பெரும் வருவாய் கிடைப்பதும் உண்மையே.

2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலை இடத்தை ஊர்திகளின் எண்ணிக்கையைக் கொண்டு பங்கிடாமல் மக்களின் எண்ணிக்கையைக் கொண்டு பங்கிடவேண்டும் என்ற கருத்தை ஏற்றது. அண்மைக் காலத்தில் மின் ஊர்திகள் புகைச் சிக்கலுக்குத் தீர்வாக முன்வைக்கப்படுகின்றன. சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகம் 2025 சூன் 30இல் 120 மின்பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. மின்சார மகிழுந்து புகையைக் குறைக்கும். ஆனால் சாலையிலும் நிறுத்துமிடத்திலும் அது அடைக்கும் இடம் பெட்ரோல் மகிழுந்து அடைக்கும் அதே இடமே ஆகும்.